நாலாவது பூட்டு

மூடிக் கிடக்கிற உப்பு பாக்கெட் கம்பெனியின் கேட்டில் ஒரு சங்கிலி தொங்குகிறது. அதில் நாலு பூட்டு. முதல் பூட்டு பெரிய முதலியார்சாவடி பக்தவச்சலத்துடையது. கட்டடத்தை பேங்க் ஏலத்தில் எடுத்தவர். இரண்டாவது பிரம்மதேசம் சிவப்பிரகாசத்துடையது. நிலம் எங்கள் தாத்தா பட்டா, கம்பெனிக்குக் குத்தகைக்குத்தான் விட்டோம் என்கிறவர். மூன்றாவது உப்பு ஆபீஸ் போட்டது. உப்பளத்தை ஒட்டிய இடமெல்லாம் சர்க்காருடையது, நீங்கள் ரெண்டு பேரும் யார் என்பது அவர்கள் கட்சி. நாலாவது பூட்டு என்னுடையது.

எனக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஒரு பாத்தியதையும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் திருடி என்று சொல்லக் கூடாது. என் பெயர் அமுதவல்லி. மரக்காணம் அளத்தில் இருபத்திரண்டு வருஷமாக உப்பு வாருகிறேன். கம்பெனி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதன் வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை. மூடிப் பதினாலு வருஷம் ஆகிறது. கூரைத் தகரம் பாதி பறந்துவிட்டது. மெஷினெல்லாம் துருவாகிக் கொட்டிவிட்டது. பின்பக்கம், பாக்கெட் போடுகிற பெண்களுக்காகக் கட்டின ரெண்டு கக்கூஸ் மட்டும் கதவோடும் தாழ்ப்பாளோடும் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் ஒரு அடிபம்பு. அந்தத் தாழ்ப்பாளுக்காகத்தான் என் பூட்டு.

ஈ.சி.ஆரில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அளத்தைப் பார்த்து "செம்மயா இருக்குல்ல" என்று போட்டோ எடுப்பார்கள். கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை. ஒரு மரம் இல்லை, ஒரு புதர் இல்லை. ஆம்பளைகள் திரும்பி நின்றால் தீர்ந்தது. நாங்கள் முப்பத்திரண்டு பொம்பளைகள் எங்கே போவது? விடியற்காலையில் பாத்தியில் இறங்கினால் பன்னிரண்டு மணி வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்குவதற்கு ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. என் பக்கத்துப் பாத்தி லூர்துமேரி அக்கா அப்படித்தான் கிட்னியில் கல் வளர்த்துக்கொண்டாள். பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர், "தண்ணியே குடிக்க மாட்டியாம்மா நீ?" என்று சத்தம் போட்டாராம். அக்கா என்ன பதில் சொல்வாள்? சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

கேஸ் முடிகிற வரைக்கும் ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் உடைக்கக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்களாம். அதனால் மூன்று பேரும் பூட்டைப் பூட்டோடு கோத்து வைத்திருந்தார்கள். எதைத் திறந்தாலும் சங்கிலி விழுந்துவிடும். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் பக்தவச்சலத்தின் ஆள் ஒருத்தன் இடத்தைப் பார்க்க வந்தவன், பூட்டைச் சரியாக அமுக்காமல் போய்விட்டான். நான் பஜாரில் ஒரு பூட்டு வாங்கினேன். புதுசு என்று தெரிந்துவிடக் கூடாதே என்று ரெண்டு நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். நன்றாகத் துரு ஏறியதும் கொண்டுபோய் நடுவில் கோத்துவிட்டேன். ஒவ்வொருத்தரும் அது மற்றவர் போட்ட பூட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். சாவி என் தாலிக்கயிற்றில் ஊக்கோடு தொங்கும். வேண்டியவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். ரோட்டில் கார் நின்றால் செல்லம்மாள் விசிலடிப்பாள். அவள் விசில் கூனிமேடு வரைக்கும் கேட்கும்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது நான்தான். அதுவும் தெரியாமல்.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை ஓய்ந்து, வரப்பெல்லாம் கட்டி, பாத்தியை மிதித்துத் தண்ணீர் விட்டதும், எந்தப் பாத்தியில் முதலில் உப்பு பூக்கிறதோ அந்த வரப்பில் உப்பாத்தாவை வைத்துப் படைப்போம். அடுத்த வருஷம் வேறு பாத்தியில் முதலில் பூத்தால் ஆத்தா அங்கே போய்விடுவாள். லூர்தக்கா வேதக்காரிதான். இருந்தாலும் அவள் பாத்தியில் பூத்த வருஷம் மஞ்சள் குங்குமத்துக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியையும் ஏற்றி வைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் உப்பாத்தா ஒரு செங்கல். பெரும் புயல் வந்த வருஷம் அது கரைந்து போய்விட்டது. உப்பு எதைத்தான் விட்டுவைக்கிறது? வெள்ளம் வடிந்ததும் மதகுக்குத் தெற்கே மூணாவது வரப்பு முக்கில் ஒரு கருங்கல் பாதி புதைந்து சாய்ந்து கிடந்தது. நாலு பக்கமும் செதுக்கின கல். தலையில் அம்சமாக ஒரு சூலம். எனக்குப் புல்லரித்துப் போனது. செங்கல் கரைந்த வருஷமே ஆத்தா கருங்கல்லாக வந்து நிற்கிறாளே என்று கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் கம்பெனி யாருடையது என்று கண்டுபிடிக்க மூன்று முறை அளந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேற சர்வேயர். முதலாமவர் அளந்ததில் கட்டடம் சிவப்பிரகாசத்தின் பட்டாவுக்குள் வந்தது. அவர் வெடி வெடித்தார். இரண்டாமவர் அளந்ததில் பாதிக் கட்டடம் உப்பு ஆபீசுக்குப் போய்விட்டது. மூன்றாமவர் அளந்தபோது பக்தவச்சலம் ஏலத்தில் எடுத்த மனை அப்படியே வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. மனுஷன் கரையில் நின்றுகொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவம். கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, எப்படி ஒவ்வொரு வருஷமும் வேற வேற ஆளுடையதாகும் என்று எங்கள் மண்டைக்கு ஏறவே இல்லை.

இந்த வருஷம் சித்திரையில் நாலாவதாகக் கலையரசன் என்கிற சர்வேயர் வந்தார். சின்ன வயசு. செல்லம்மாள் பாத்தி வரப்பில் உட்கார்ந்து, பழைய மூன்று வரைபடத்தையும் விரித்து, காற்றில் பறக்காமல் மூலைக்கு ஒரு உப்புக்கட்டி வைத்தார். பார்த்தார். தலையைச் சொறிந்தார். எழுந்து ரோட்டோர மதகு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். மறுபடியும் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, இந்தக் கல்லு எப்பவும் இங்கதான் இருக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"எப்பவும் எங்ககூடத்தான் இருக்குதுங்க."

"கூடன்னா?"

"இந்த வருஷம் செல்லம்மா பாத்தில மொதல்ல பூத்துச்சு, அதான் இங்க இருக்குது. போன வருஷம் லூர்தக்கா பாத்தி. அதுக்கு முந்தி அதோ, அந்தக் கோடில."

அவர் முகம் வெளிறிப் போனது. கல்லின் முன்னால் முட்டி போட்டு, கைக்குட்டையால் குங்குமத்தைத் துடைத்தார். எனக்குச் சுருக்கென்றது.

"சாமி தலையில கைய வைக்காதீங்க சார்!"

"சாமி இல்லம்மா. இது சூலமும் இல்ல, அம்புக்குறி. இது சர்வே கல்லு. இந்தப் பக்கம் மிச்சம் இருந்த ஒரே கல்லு. மூணு பேரும் இதை வச்சுத்தான் அளந்திருக்காங்க. கல்லு நடந்துகிட்டே இருந்திருக்குது, அவங்க அளந்துகிட்டே இருந்திருக்காங்க."

அன்றைக்கு முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை வருஷம் கும்பிட்டது சர்க்கார் கல்லையா? அப்படியென்றால் பூத்த உப்பு? நேர்ந்துகொண்டு பிறந்த என் பேத்தி? கல்லைப் பார்த்தால் ஒரு சமயம் ஆத்தாவாகத் தெரிந்தது, ஒரு சமயம் வெறும் கல்லாகத் தெரிந்தது. லூர்தக்காவிடம் சொன்னேன்.

"கல்லுக்கு அது இன்னான்னு எங்கடி தெரியும்? நீ கும்பிட்ட, அது கேட்டுச்சு. அத்த உடு," என்றாள். "அது எங்க கெடந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

"மதகுக்குத் தெக்க மூணாவது வரப்பு முக்கு. கண்ணக் கட்டிவுட்டாலும் போவேன்."

"வாய மூடிக்கோ," என்றாள் அக்கா.

மூடிக்கொள்ள விட்டால்தானே? விசாரணைக்குத் தாசில்தார் வரப்போகிறார், கல் முதலில் இருந்த இடத்தை அமுதவல்லிதான் சொல்ல வேண்டும் என்று தெரிந்ததும், காரில் போகிறவர்களுக்கெல்லாம் நான் சொந்தக்காரி ஆகிவிட்டேன். பக்தவச்சலம் வரப்பில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உங்கள் கைக்கு வந்தால் பின்னால் இருக்கிற கக்கூஸை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் இடிச்சுத் தள்ளிட்டு ரிசார்ட் கட்டப்போறேம்மா. உங்களுக்கெல்லாம் வேலை உண்டு," என்றார் பெருமையாக.

மறுநாள் சிவப்பிரகாசம். அவருக்கு அது இறால் தீவனம் வைக்கிற குடோனாக வேண்டுமாம், சுற்றிலும் கரண்ட் வேலியாம். உப்பு ஆபீஸ்காரர் போனில் சொன்னார், முள்கம்பி கட்டி போர்டு வைப்போம் என்று. மூன்று பேரில் யாருக்கு இடம் போனாலும் எங்களுக்கு ஒரே கதிதான். மூணாவது வரப்பு முக்கிலிருந்து அளந்தால் யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கோ போகும், அது மட்டும் தெரியும்.

விசாரணை வைகாசி வெயிலில். கம்பெனிச் சுவர் நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். தாசில்தார் அருள்மொழி என்று ஒரு அம்மா. காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பக்தவச்சலம் ஒரு இளநீரை வெட்டி நீட்டினார். விடுவாரா சிவப்பிரகாசம்? அவரும் ஒன்றை நீட்டினார். ஒன்றை வாங்கி ஒன்றை மறுத்தால் ஒருதலைப்பட்சம் என்று பேச்சு வரும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த அம்மா ரெண்டையும் குடித்தார்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. பட்டா, ஏலப் பத்திரம், குத்தகைக் கடிதம். மூன்றையும் படித்தால் மூன்றும் நியாயமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தாசில்தாரம்மா காகிதங்களை மூடினார்.

"கல்லு இருந்த எடம் தெரிஞ்சா இன்னிக்கே அளந்து முடிச்சிடலாம். தெரியலன்னா கேட்டுக்கு சீல் வச்சிடுவேன். கேஸ் முடியற வரைக்கும் ஈ காக்கா உள்ள போகக் கூடாது," என்று சொல்லி, அரக்கும் துணியும் எடுத்துவர ஜீப்பை ஆபீசுக்கு அனுப்பினார். பிறகு, "அமுதவல்லி யாரு?" என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். சொன்னாலும் கதவு போச்சு, சொல்லாவிட்டாலும் கதவு போச்சு. முப்பத்தியோரு பேரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

"கொஞ்சம் யோசிக்கணுங்க," என்றேன்.

"யோசிங்க."

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா நாற்காலியில் நெளிந்தார். காலை மாற்றிப் போட்டார். தலையைத் திருப்பி அளத்தைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ரோட்டைப் பார்த்தார். ஜீப் போய்விட்டது. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

சைகை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "இங்க லேடீஸ் போறதுக்கு எங்கயாச்சும் எடம் இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கெட்ட எண்ணம்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீயும் அடக்கிப் பார் என்று நினைத்தேன். ரெண்டு இளநீர் வேறு. ஆனால் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க லூர்தக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் சுருண்டு கிடந்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது. காட்டினால் மாட்டிக்கொள்வேன். காட்டாமலும் இருக்க முடியவில்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"ஆம்பளைங்கள கொஞ்சம் அந்தாண்ட அனுப்புங்கம்மா," என்றேன்.

"எல்லாரும் கல்லுகிட்ட போய் நில்லுங்க. நான் வர்றேன்," என்று அவர் குரல் கொடுத்தார். எல்லோரும் வரப்பில் வரிசையாகப் போனார்கள். நான் தாலிக்கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி, நடு பூட்டைத் திறந்தேன். சங்கிலி விழுந்தது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் கேள்வி கேட்கிற நிலைமையில் அவர் இல்லை. வேகமாக உள்ளே போனார்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அடிபம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அவர் வரவில்லை. உள்ளே என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். கொட்டாங்குச்சியில் சோப்புத் துண்டு. கதவுக்குப் பின்னால் முந்தானையைப் போடுவதற்கு ஆணி. சுவரில் கரித்துண்டால் எழுதின கழுவுகிற முறை: திங்கள் செல்லம்மாள், செவ்வாய் லூர்துமேரி, புதன் ஆரோக்கியசெல்வி. என் முறை சனிக்கிழமை.

வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தன பேரு?"

"முப்பத்திரண்டுங்க."

"எத்தன வருஷமா?"

"அஞ்சுங்க."

என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, பூட்டுகளை எண்ணுகிறார் என்று புரிந்தது.

"பூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கல்லைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். சிவப்பிரகாசம், "சும்மா சொல்லக் கூடாதுங்க. அவங்க சாமிதானே, அது மேல கைய வச்சுச் சொல்லட்டும்," என்றார். பக்தவச்சலமும் தலையை ஆட்டினார். அவர்கள் ரெண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கையை வைத்தேன். கல் கொதித்தது.

தாசில்தாரம்மா என்னை நேராகப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஞாபகம் இருந்தா சொல்லுங்க. ஞாபகம் இல்லன்னா இல்லன்னு சொல்றதும் தப்பில்ல."

மதகுக்குத் தெற்கே மூணாவது வரப்பு முக்கு அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பினால் தெரியும். நான் திரும்பவில்லை.

"ஞாபகம் இல்லைங்க," என்றேன்.

ஜீப் வந்தது. அரக்கு வந்தது. தாசில்தாரம்மா, "சீல் வேணாம். இருக்கற பூட்டே போதும்," என்று சொல்லிவிட்டுக் கலையரசனை எழுதச் சொன்னார். கல்லின் பழைய இடம் தெரியவில்லை. கோர்ட் முடிவு வரும் வரை இப்போதிருக்கும் நிலையே தொடர வேண்டும். கல்லை இனி யாரும் இடம் மாற்றக் கூடாது. கேட்டில் மூன்று பூட்டுகள் உள்ளன.

கலையரசன் பேனாவை நிறுத்தினார். "மேடம், நாலு இருக்குது. நான் எண்ணினேன்."

"எத்தன பார்ட்டி?"

"மூணு மேடம்."

"அப்ப மூணு பூட்டு. எழுதுங்க."

அவர் ஒன்றும் புரியாமல் எழுதினார். பக்தவச்சலம் சிவப்பிரகாசத்தைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார், உன் திருட்டுப் பூட்டு எழுத்தில் ஏறவில்லை பார் என்று. சிவப்பிரகாசமும் அவரைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் உள்ளங்கையில் கல்லின் சூடு அப்படியே இருந்தது.

எல்லோரும் போன பிறகு கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். நீ ஆத்தாவோ, அளக்கிற கல்லோ, எனக்குத் தெரியவில்லை, உன் தலையில் கை வைத்துப் பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் இனி பாத்தி பாத்தியாகப் போக முடியாது. செல்லம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த தையில் எங்கே பூத்தாலும் நாங்கள்தான் முதல் உப்பை அள்ளிக்கொண்டு அவளிடம் போக வேண்டும். அது என்னால் வந்தது. நினைத்தால் மனசு ஆறவில்லை. துடைத்த இடத்தில் திரும்பக் குங்குமம் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லூர்தக்கா வரப்பில் ஏறி நின்றாள். பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் தண்ணீர் குடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள். நான் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன்.